நச்சுக் கழிவைப் பாக்டீரியாவிடம் ஒப்படைக்கலாமா?

மணிமாறன்:
எங்கள் குழு ஒரு ரசாயன ஆலையின் கழிவுநீர் நிலையத்துக்கு வரைவு போட்டுக்கொண்டிருக்கிறது. பாக்டீரியாவை நம்பித்தான் அதைக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. சுண்ணாம்பையும் படிகாரத்தையும் கொட்டிக் கலக்கி, படிந்ததை அள்ளிப் புதைத்தால் நச்சு இடம் மாறுகிறதே தவிர ஒழிவதில்லை. ஃபீனால் என்ற நச்சு ரசாயனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா அதன் கார்பன் வளையத்தை உடைத்துத் தனக்கு உணவாக்கிக்கொள்கிறது. கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் கசடு. சயனைடுக்கும் இதே வழி உண்டு. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் 1984-லேயே சயனைடு நீரைச் சுழலும் தட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாப் படலத்தைக் கொண்டு சுத்தம் செய்து ஓடையில் விட்டார்கள்.

வேல்விழி:
சார், நான் 11 வருடமாக இப்படியொரு நிலையத்தை ஓட்டுகிறேன், அதனால்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. தினமும் காலையில் பாக்டீரியாவுக்குக் காற்றூட்டும் ஏரேஷன் தொட்டியிலிருந்து 1 லிட்டர் ஜாடியில் மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். நல்ல நாளில் பழுப்புக் கசடு அடியில் உட்கார்ந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், மழை பெய்த மண் வாசனை வரும். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் கலன் கழுவிய கரைப்பானை எங்களிடம் சொல்லாமல் திறந்துவிட்டார்கள். காலையில் ஜாடி முழுக்கச் சாம்பல் நிறக் கலங்கல், எதுவுமே படியவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், காம்பில் ஆடிக்கொண்டிருக்கும் மணி வடிவ ஒற்றைச் செல் உயிரியான வோர்டிசெல்லாவில் ஒன்றுகூட அசையவில்லை. தொட்டி பழையபடி ஆக 3 வாரம் பிடித்தது. அந்த 3 வாரமும் ஆலை கழிவை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. ஃபீனாலைத் தின்னும் பாக்டீரியாவும் அளவு மீறினால் அதே ஃபீனாலால் முடங்கிவிடும். நீங்கள் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அப்புறம், "உடைக்கிறது" என்ற சொல்லே எனக்குப் பயமாக இருக்கிறது. துணிக்குப் போடும் அசோ சாயத்தைக் காற்றில்லாத தொட்டியில் விட்டால் நிறம் போய்விடும், பார்ப்பவர்களுக்கும் திருப்தி. ஆனால் சாயத்தின் நைட்ரஜன் பிணைப்பு அறுந்து வருவது அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேறு ரசாயனங்கள். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. நிறம் போனதும் விஷமும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

மணிமாறன்:
நிறம் போனது போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பாதியில் நிறுத்தியதால் வரும் வினை. அடுத்து காற்றேற்றும் தொட்டி ஒன்று இருந்தால் அந்த அமீன்களில் பலவற்றை வேறு பாக்டீரியா தின்றுவிடும். நிலத்தடி நீரில் கலந்த டிரைகுளோரோஎத்திலீன் என்ற குளோரின் கரைப்பானின் கதையும் இதுதான். பல இடங்களில் பாக்டீரியா வேலை வினைல் குளோரைடோடு நின்றுவிடும், அது இன்னும் மோசமான விஷம். டிஹாலோகாக்காய்டிஸ் போன்ற பாக்டீரியாவில் அதற்கான நொதி உள்ள வகைகள் இருந்தால்தான் மிச்சக் குளோரினும் கழன்று எத்திலீன் ஆகும். யார் எதைத் தின்பார்கள் என்று தெரிந்து பந்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

செந்தில்:
குறுக்கே வருகிறேன். இதற்கென்றே பாக்டீரியாப் பொடி பாக்கெட்டில் விற்கிறார்களே, அதைத் தூவினால் போதாதா? எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆனந்த மோகன் சக்ரவர்த்தி காப்புரிமையே வாங்கினாரே.

வேல்விழி:
வாங்கினார் தம்பி. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தப் பாக்டீரியாவைக் கடலில் கொட்டிய எண்ணெய்மேல் யாரும் இறக்கவில்லை. 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் உடைந்தபோது அலாஸ்கா கரையில் பலன் தந்தது உரம். நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்ததும் அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவே பெருகி வேலை செய்தது. புதிதாகத் தூவியது பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டி போட முடியாமல் செத்துவிடும். நான் பொடிக்குச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

மணிமாறன்:
இதில் நானும் உங்கள் கட்சி. உலோகங்களைப் பற்றியும் நானே சொல்லிவிடுகிறேன். குரோமியத்தை எந்த உயிரும் தின்று தீர்க்காது. ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக்கிப் படிய வைக்கலாம், நச்சு வெகுவாகக் குறையும், ஆனால் உலோகம் கசடில்தான் இருக்கும். அந்தக் கசடைத் தனியாகத்தான் கையாள வேண்டும்.

வேல்விழி:
இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு காரமாக எழுதியிருக்க மாட்டேன். சரி, ஒரே கேள்வி. வரைவில், கழிவை முதலில் தேக்கிச் சீராக அனுப்பும் சமன் தொட்டி எத்தனை மணி நேரக் கழிவைத் தாங்கும்?

மணிமாறன்:
8 மணி நேரம்.

வேல்விழி:
ஒரு ஷிஃப்டுக்குத்தான் வரும். கலன் கழுவும் நாளில் அது நிரம்பி, கரைப்பான் நேராக ஏரேஷன் தொட்டிக்குத்தான் போகும். 24 மணி நேரமாக்குங்கள். கழுவிய நீருக்குப் பூட்டோடு தனித் தொட்டி வையுங்கள், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விடலாம். இந்த இரண்டும் இருந்தால் நானே உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன்.

மணிமாறன்:
தனித் தொட்டி நாங்கள் யோசிக்காதது. நாளைக்கே வரைவில் சேர்க்கிறேன்.