1926 ரோல்ஸ்-ராய்ஸ் டுவெண்டி: பெயிண்ட் அடிச்சு விக்கலாமா, அப்படியே விக்கலாமா?

சிப்புட்_பையன்:
வணக்கம். எங்க ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட். பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பழைய பங்களா கராஜ்ல ஒரு 1926 ரோல்ஸ்-ராய்ஸ் டுவெண்டி நிக்குது, வெள்ளக்காரத் தொர ஊருக்குப் போறப்ப தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை கிளார்க்) வாங்குனது, இப்ப அவரு மருமகதான் வச்சிருக்காங்க, பாட்டிக்கு 80 வயசு தாண்டிருச்சு, நல்லா பாத்துக்கறவங்களுக்குக் குடுத்துடணும்னு சொல்றாங்க. எங்க தாத்தாதான் அந்தக் காடிக்கு (காருக்கு) ட்ரைவர். ஜப்பான்காரன் காலத்துல சக்கரத்தக் கழட்டிட்டு, காடிய ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூண்டுல ஷீட்டுக்குப் பின்னால மறச்சு வச்சாங்களாம், உள்கூரைத் துணி இன்னைக்கும் பொகை ஏறுன பழுப்புலதான் இருக்கு. 12 வருஷமா ஸ்டார்ட் பண்ணல. பாட்டி பையனுங்க புது பெயிண்ட், புது லெதர் போட்டா வெல ஏறும்னு நிக்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈப்போ_பட்டறை:
தம்பி, தயவுசெஞ்சு பெயிண்ட் அடிக்க விடாதீங்க. கம்பெனி செஞ்சு குடுத்தது சேசி (அடிச்சட்டம்), எஞ்சின், ரேடியேட்டர் இதெல்லாம்தான், பாடிய வேற பட்டறைக்காரங்க கையாலயே கட்டுனாங்க. 1922லேர்ந்து 29 வரைக்கும் மொத்தமே 2,940 டுவெண்டிதான் வந்துச்சு, அதுல பழைய பெயிண்ட்டு, குதிரமுடி அடச்ச சீட்டு எல்லாம் கலையாம இருக்கறதத்தான் சேகரிக்கறவங்க தேடிக்கிட்டு வருவாங்க. பெயிண்ட்டுதான் வேணும்னா வாங்குறவங்களே அடிச்சுக்கட்டும். இன்னொன்னு, பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு யாராச்சும் வந்தா உடவே உடாதீங்க. ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் உட்டு, ரெண்டு மூணு நாள் ஊறப்போட்டு, அப்புறம் முன்னால ஹேண்டில மாட்டி மெதுவாச் சுத்திப் பாருங்க. சுத்தலன்னா அதோட நிறுத்திடுங்க, பலம் போட்டா 3.1 லிட்டர் எஞ்சின் மொத்தமும் கெட்டுப்போயிரும்.

தைப்பிங்_அக்கா:
நான் மொதல்ல மரத்தத்தான் பாப்பேன் தம்பி. மேல பாக்க தகடு மாதிரி தெரியும், உள்ள பூரா ஆஷ் மரச் சட்டம். நம்ம ஊரு மழைக்கும் கரையானுக்கும் அது எத்தன வருஷம் தாங்கும் சொல்லுங்க. கதவ பாதி தொறந்து, கைப்பிடிக்குக் கீழ புடிச்சு லேசா மேல தூக்குங்க, ஆடுச்சுன்னா கீல் மாட்டியிருக்கற மரம் இத்துப் போயிருக்கு. கார்ப்பெட்டத் தூக்கி தரைப் பலகையையும் பாருங்க. எங்க அப்பா வச்சிருந்த ஒரு பழைய காடி வெளிய பளபளன்னு இருந்துச்சு, ஒரு நாள் கதவே கையோட வந்துருச்சு, அப்பா அன்னைக்கு சோறு சாப்டல.

கிள்ளான்_காடி:
26 காடின்னா ரப்பர் வெல ஏறிக் கெடந்த நேரத்துக் காசு, அப்ப ரப்பர் ஏற்றுமதியக் கொறைக்க வெள்ளக்காரன் போட்ட ஸ்டீவன்சன் கட்டுப்பாடு இருந்துச்சே. வருஷம் சரியான்னு பாக்க: ரேடியேட்டர் முன்னால உள்ள தகடுங்க படுக்கையா இருக்கணும், நிக்கிற தகடு கடைசி காடிங்களுக்குத்தான். நாலு கியர், கியர் குச்சி ட்ரைவருக்கு வலது கைப்பக்கம். பேட்ஜ்ல எழுத்து செவப்பு. சேசி நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் போட்டோ புடிச்சு இங்கிலாந்துல இருக்கற ரோல்ஸ்-ராய்ஸ் என்துசியஸ்ட்ஸ் கிளப்புக்கு எழுதுங்க, கம்பெனியோட பழைய சேசி கார்டுங்க அவங்ககிட்டதான் இருக்கு, மொதல்ல யாருக்குப் போச்சு, பாடி கட்டுனது யாருன்னு தெரிஞ்சுக்கலாம். கிராண்ட் (காடி உரிமைப் பத்திரம்) யாரு பேர்ல இருக்குன்னு ஜேபிஜேல, அதான் சாலைப் போக்குவரத்து இலாகாவுல, இப்பவே கேட்டு வச்சுக்கங்க, கிராணி பேர்லயே இருந்தா மாத்தறதுக்கு நாளாகும்.

சிப்புட்_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குக் காலையில போயிட்டு வந்தேன். தகடு படுக்கைதான், கியர் வலதுதான், குச்சி மேல இருக்கற குமிழ் தாத்தா கை பட்டு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. மூணு கதவு கல்லு மாதிரி நிக்குது, பின்னால இடது கதவு மட்டும் ஒரு வெரல் அளவு ஆடுது அக்கா. கிராண்ட் இன்னும் கிராணி பேர்லதான் இருக்கு, அண்ணன் சொன்னது சரிதான். நீங்க எழுதுனத பாட்டி பையனுங்களுக்கு உக்காந்து படிச்சுக் காட்டுனேன். பெயிண்ட்டுக்காரனுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு பிளக்கு கழட்டப் போறோம், ஈப்போ அண்ணே முடிஞ்சா வாங்க, பாட்டி சோறு ஆக்கி வைக்கறேன்னு சொல்லிட்டாங்க.