முகத்தில் தழும்புள்ள பிள்ளை கதைக்குள் வரும்போது: அனுபவப் பகிர்வு

கதை எழுதுபவர்:

உதட்டுப் பிளவோ வெண்புள்ளியோ உள்ள பிள்ளையை வைத்து எழுதும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. வகுப்பே கேலி செய்யும், பிறகு ஒருநாள் அந்தப் பிள்ளை கிணற்றில் விழுந்த ஒருவனைக் காப்பாற்றும், உடனே எல்லோரும் கைதட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படியானால் யாரும் கிணற்றில் விழாத ஊரில் அந்தப் பிள்ளையின் கதி என்ன? டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843இல் எழுதிய 'அசிங்கமான வாத்துக்குஞ்சு' கதையிலும் இதே சிக்கல் உண்டு. அன்னமாக மாறிய பிறகுதான் அதற்கு மரியாதை. தையல் தழும்போடு இருக்கும் குழந்தை கடைசிப் பக்கத்தில் அன்னமாக மாறப்போவதில்லை.

எழுதி முடித்ததும் தழும்பைப் பற்றிய வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சமிருப்பதில் கதை இருக்க வேண்டும். காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடணும், பம்பரத்தில் அண்ணனை ஜெயிக்கணும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஓர் ஆசை வேண்டும். 24 பக்கப் படக்கதை என்றால் நாலாம் பக்கத்துக்குள் தழும்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு கதைக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வந்தால் போதும்.

இன்னொன்று. "ஏன் உன் உதடு இப்படி இருக்கு?" என்று கேட்கும் பிள்ளையைக் கெட்டவனாக்காதீர்கள். கேட்பது வேறு, பட்டப்பெயர் வைப்பது வேறு. கதையில் இரண்டையும் தனித்தனி ஆளிடம் கொடுங்கள்.

ஓவியர்:

படத்தில் நடக்கும் பிழைகளைச் சொல்கிறேன். பக்க வடிவமைப்பில் இடம் பொருந்தவில்லை என்று படத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். ஆறாம் பக்கத்தில் இடப்பக்கம் இருந்த தழும்பு ஏழாம் பக்கத்தில் வலப்பக்கம் போய்விடும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் முன்பக்கம், பக்கவாட்டு இரண்டு, பின்பக்கம் என நான்கு கோணங்களில் ஒரு மாதிரித் தாள் வரைந்து, 'திருப்பக் கூடாது' என்று எழுதியே கொடுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த உதட்டுப் பிளவுக்கு மூக்குத் துவாரத்திலிருந்து மேலுதடு வரை மெல்லிய ஒரு கோடு. அந்தப் பக்கத்து மூக்கு கொஞ்சம் தட்டையாக இருக்கும். அவ்வளவு போதும், சிவப்பாகத் தீட்ட வேண்டாம்.

வெண்புள்ளிக்குக் கண்ணோரம், வாயோரம், விரல் நுனி, முழங்கால் பொருத்தமான இடங்கள். ஓரம் வட்டமாக இல்லாமல் வளைந்து நெளிந்து போகட்டும். கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதானால் புள்ளியும் தாளும் ஒரே வெள்ளையாகிவிடும். மற்றத் தோலுக்கு மெல்லிய சாய்கோடுகள் போட்டால்தான் புள்ளி தெரியும். அப்படிச் செய்யும்போது கதையில் வரும் எல்லோர் தோலுக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் கூட இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் உடம்பு முழுக்க வெண்புள்ளி என்றாகிவிடும்.

வில்லனுக்கு மட்டும் முகத்தில் வெட்டுத் தழும்பு வரையும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முகத் தழும்பால் வில்லனைக் காட்டும் திரைப்படங்களுக்குப் பணம் தருவதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2018இல் அறிவித்தது.

பேச்சுப் பயிற்சியாளர்:

மூன்றாம் வகுப்புப் பிள்ளை உதட்டு ஆபரேஷனுக்குக் காத்திருப்பதாகப் பல கதைகள் வருகின்றன. உதட்டை வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்குள் சரிசெய்வார்கள், அண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையை, ஒன்றரை வயதுக்குள். எட்டு, ஒன்பது வயதில் சிலருக்குப் பிளவுபட்ட பல் ஈறில் எலும்பு வைக்கும் சிகிச்சை நடக்கும், பல் வரிசைக்காக. கதைக்கு மருத்துவமனை தேவை என்றால் அதை எழுதலாம்.

அண்ணப் பிளவு இருந்த சில பிள்ளைகளுக்குப் பேசும்போது காற்று மூக்கு வழியாகப் போகும். ப, ட, க எல்லாம் வலுவிழந்து கேட்கும். அதை எழுத்துப்பிழையாக எழுதிக் காட்டவே கூடாது. வாசிப்பவர் அதே குரலில் நடிப்பார், வகுப்பு சிரிக்கும், மறுநாள் அது பட்டப்பெயராகிவிடும்.

கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே போனதால்தான் பிளவு என்று ஒரு பாட்டி கதையில் சொன்னால், அதே பக்கத்தில் இன்னொரு பெரியவர் மறுத்துவிடட்டும். பின்னுரைவரை தள்ளிப்போட வேண்டாம், பின்னுரையைப் பிள்ளைகள் படிப்பதில்லை.

கதைசொல்லி:

வெண்புள்ளிக் கதையில் முதல் கேள்வி எப்போதும் "ஒட்டிக்குமா?" தான். சுற்றி வளைக்காதீர்கள்: "ஒட்டாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் அந்த இடத்துல இல்ல, அதான் வெள்ளையா இருக்கு." சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். குரலில் 'ஐயோ பாவம்' வந்தால் பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு பிள்ளை அந்த வகுப்பிலேயே இருந்தால் முந்தின நாளே வீட்டாரிடமும் பிள்ளையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சொல்லும் மூன்று கதைகளில் இதை நடுவில் வையுங்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்காதீர்கள், 'நம்ம வகுப்புல கூட' என்றும் ஆரம்பிக்காதீர்கள். முடிந்ததும் "என்ன கத்துக்கிட்டீங்க?" வேண்டாம். ஆட்டுக்குட்டி எந்த வழியாகப் போயிருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். வரைகிற படத்தில் சிலர் புள்ளியைப் போடுவார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். எதையும் திருத்த வேண்டாம்.