புதுப்பிப்பு: செல்ஃப் ஸ்டார்ட் கரகர சத்தம், காரணம் கிடைத்தது

என் பைக்கில் செல்ஃபை அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது, கரகரவென்று அரைக்கிறது, இன்ஜின் மட்டும் திரும்பவில்லை, கிக்கில் உடனே எடுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பேட்டரி என்றுதான் பலர் சொன்னீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போதும் 10.5-க்குக் கீழே இறங்கவில்லை. அதாவது பேட்டரியில் குறை இல்லை.

அப்புறம் ஆயிலை வடித்து மேக்னட் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) கவரைக் கழற்றினோம். பல்சக்கரங்களில் குறை இல்லை. மேக்னட்டின் பின்னால் இருக்கும் ஒன்வே கிளட்ச்தான் குற்றவாளி. ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுழற்சியை ஒரு திசையில் மட்டும் பிடித்து இன்ஜினுக்குக் கொடுப்பது இதுதான். மூன்று ரோலர்களில் ஒன்று ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் துவண்டிருந்தது. பிடி கிடைக்காமல் வழுக்கியதில்தான் அந்தச் சத்தம்.

ரோலரை மட்டும் மாற்றலாம் என்றார் மெக்கானிக் அண்ணன். ரோலர் ஓடும் இடத்திலும் கோடு விழுந்திருந்ததால் முழு செட்டாகவே போடச் சொன்னேன். செலவு கூடுதல்தான், சரி. இந்த வேலைக்கு முன் கவர் கேஸ்கெட் (ஆயில் கசியாமல் கவருக்கு இடையில் வைப்பது) புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும்.