சஃபையர் கிளாஸில் நீலத் திட்டு, கூடவே கோடுகள்: துடைத்தால் போகவில்லை, உதவுங்கள்

திருச்சி_முள் | வியாழன் இரவு 10:42
வணக்கம். என் வாட்ச் கிளாஸில் நடுவே திட்டுத் திட்டாக இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் சில இடம் நீலம், சில இடம் வெள்ளை. மெல்லிய கோடுகளும் தெரிகின்றன. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சஃபையர் (கடினமான செயற்கைப் படிகம்) கீறாது என்று சொன்னதால்தான் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம், அதற்குள் சரியாக வேண்டும். என்ன செய்யலாம்? அவசரம்.

கோவை_டயல் | 10:55
எந்த வாட்ச், வாங்கி எத்தனை நாள், எதை வைத்துத் துடைத்தீர்கள்? மூன்றையும் சொல்லுங்கள். திட்டு கிளாஸின் மேலே இருக்கிறதா, உள்பக்கமா என்பதும் தெரிய வேண்டும். முடிந்தால் ஒரு படம் போடுங்கள்.

நீர்புகா_நேசன் | 11:03
எனக்கு இது உள்ளே ஈரம் போன மாதிரி இருக்கிறது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷர் பழசானால் முதலில் கிளாஸின் அடியில்தான் மங்கல் தெரியும். வாட்சைத் திறந்து காய வைக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் முள்ளும் டயலும் கெடும்.

கோவை_டயல் | 11:06
நேசன் அண்ணா, ஈர மங்கல் குளிர்ந்தால் வரும், கையில் கட்டிச் சூடானால் மறையும். இவர் சொல்வது ஒரே இடத்தில் நிற்கிறது. கோடு வேறு இருக்கிறது. ஈரம் கோடு போடாது.

லென்ஸ்_கடை | 11:20
நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் ஆன்டி கிளேர் (ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்கும் மெல்லிய கோட்டிங்) போட்ட கண்ணாடியைக் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டு, வெயிலில் வெந்த பிறகு இதே புகாரோடு வருவார்கள். கோட்டிங் வலைவலையாக வெடித்திருக்கும். இவரும் வாட்சை வெயிலில் வைத்திருப்பார். நிச்சயம் சூடுதான் காரணம்.

மூத்த_சக்கரம் | 11:41
இதே கேள்வியை எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வாட்சின் பெயரைக்கூடச் சொல்லாமல் "அவசரம்" என்று எழுதினால் யாரால் உதவ முடியும்? முதலில் அது சஃபையர்தானா என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் சஃபையர், பரவினால் மினரல், அதாவது சாதாரணக் கண்ணாடி. வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய சோதனை இது.

லென்ஸ் கடைக்காரருக்கு: உங்கள் கடையில் இருப்பது பிளாஸ்டிக் லென்ஸ். சூட்டில் பிளாஸ்டிக் மிக அதிகமாக விரியும், மேலே இருக்கும் கோட்டிங் அந்த அளவுக்கு விரியாது, அதனால் வெடிக்கிறது. சஃபையர் அப்படி விரியாது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

நானோ_நிலா | 11:58
மூத்தவரே, பிளாஸ்டிக் விரிவதைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சொட்டுச் சோதனையை இங்கே நம்ப முடியாது. மேல் பக்கம் கோட்டிங் இருந்தால் தண்ணீர் தொடுவது கோட்டிங்கைத்தான், சஃபையரை இல்லை. விரல் எண்ணெய் கொஞ்சம் இருந்தாலே முடிவு மாறிவிடும்.

திருச்சி நண்பரே, ஒரே ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு வாட்சை அதன் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கிளாஸில் பல்பின் பிம்பம் இரண்டாகத் தெரியும். ஒன்று மேல் பரப்பிலிருந்து வருவது, இன்னொன்று உள் பரப்பிலிருந்து. கோட்டிங் உள்ள பரப்பின் பிம்பம் மங்கலாக, நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். கோட்டிங் இல்லாத பரப்பின் பிம்பம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். திட்டின் மேல் பிம்பத்தை நகர்த்திப் பார்த்து, எது நிறம் மாறுகிறது என்று சொல்லுங்கள்.

திருச்சி_முள் | வெள்ளி காலை 7:15
தூங்கிவிட்டேன், மன்னிக்கவும். ஜப்பான் ஆட்டோமேட்டிக், வாங்கி 2 வருஷம் ஆகிறது. வெயிலில் வைக்கவில்லை. படத்தில் சரியாக விழவில்லை. பல்பு வைத்துப் பார்த்தேன். பிம்பம் இரண்டும் நீலம்தான், ஆனால் திட்டு மேல் வரும்போது ஒன்று மட்டும் வெள்ளையாகிவிடுகிறது. நகத்தால் தடவினால் கோடு எதுவும் தட்டுப்படவில்லை.

கோவை_டயல் | 7:31
தம்பி, எதை வைத்துத் துடைத்தீர்கள் என்று நேற்றே கேட்டேன். பற்பசை தேய்த்தீர்களா?

திருச்சி_முள் | 7:38
ஆமாம். சுவரில் உரசி ஒரு மெல்லிய கோடு விழுந்தது. பற்பசையில் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஒரு கால் மணி நேரம் தேய்த்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நானோ_நிலா | 8:10
சரி, இப்போது புரிகிறது. உங்கள் சஃபையருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீறியது அதன் மேல் இருந்த கோட்டிங்.

சஃபையரின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 9. சுவரிலும் தெருப்புழுதியிலும் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. அதனால் மணல் சஃபையரைக் கீறாது. கோட்டிங்குக்கு அந்த வலு கிடையாது. பழைய வழக்கப்படி ஒரே அடுக்காகப் போடும் மெக்னீசியம் ஃபுளோரைடின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடி அதைப்போலப் பல நூறு மடங்கு தடிமன். பல அடுக்காகப் போட்டாலும் நகத்தில் தட்டுப்படும் ஆழம் வராது. உங்களுக்குக் கோடு தெரிந்தும் தட்டுப்படாததற்கு அதுதான் காரணம்.

வேலை செய்யும் விதம் இது: கோட்டிங்கின் மேல் முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடி முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அரை அலைநீளம் விலகி வந்து ஒன்றை ஒன்று அழிக்கின்றன. அதற்குத் தடிமன் மிகச் சரியாக இருக்க வேண்டும். பற்பசை கொஞ்சம் தேய்த்தால்கூடக் கணக்கு தப்பி, அந்த இடத்தில் ஒளி திரும்பத் தொடங்கும். மொத்தமாகப் போன இடம்தான் உங்களுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

சஃபையருக்கு இந்தக் கோட்டிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.77. இந்த எண் கூடினால் பரப்பில் திரும்பும் ஒளியும் கூடும். கோட்டிங் இல்லாவிட்டால் ஒரு பரப்பிலேயே 7.7 சதவீதம் ஒளி திரும்பிவிடும், இரண்டு பரப்பும் சேர்ந்து சுமார் 14. சாதாரண மினரல் கிளாஸில் ஒரு பரப்புக்கு 4 சதவீதம் சொச்சம்தான்.

மூத்த_சக்கரம் | 8:44
நீல நிறம் தெரிகிறது என்றாலே மலிவான கோட்டிங். நல்லதாக இருந்தால் நிறமே தெரியாது. இதைச் சொல்ல இவ்வளவு நீளம் தேவையில்லை.

நானோ_நிலா | 9:02
அப்படி இல்லை ஐயா. நம் கண் அதிகம் உணர்வது பச்சையை, சுமார் 550 நானோமீட்டர். அந்த இடத்தில் பிரதிபலிப்பு மிகக் குறைவாக இருக்கும்படி அமைத்தால் இரு ஓரத்தில் இருக்கும் நீலமும் சிவப்பும் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். அடுக்குகளை மாற்றி அந்த மிச்ச நிறத்தை மாற்றலாம். விலை உயர்ந்த வாட்சுகளிலும் நீலச் சாயல் உண்டு.

பழைய_எச்எம்டி | 9:20
பற்பசை யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். அப்பாவின் எச்எம்டி ஜனதாவில் இருந்தது அக்ரிலிக் கிளாஸ். கீறல் விழுந்தால் கொஞ்சம் பற்பசை, பழைய பருத்தித் துணி, பத்து நிமிஷம், புதுசு மாதிரி ஆகிவிடும். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அதே வைத்தியத்தைச் சஃபையருக்கும் சொல்லிக் கொடுத்துக் கெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அக்ரிலிக்கை விடச் சிறந்த கிளாஸ் கிடையாது.

மூத்த_சக்கரம் | 9:33
சட்டைப் பொத்தான் பட்டாலே கோடு விழும் பிளாஸ்டிக் எப்படிச் சிறந்த கிளாஸ் ஆகும்?

பழைய_எச்எம்டி | 9:41
1969-இல் நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அந்தப் பிளாஸ்டிக்தான். அடிபட்டால் விரிசல் விடும், சில்லாகப் பறக்காது. விண்கலத்துக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் என்ன ஆகும்? சஃபையர் கீறாது, ஆனால் ஓங்கி அடி விழுந்தால் நொறுங்கும். கையால் வேலை செய்கிறவனுக்கு எது தேவை என்று யோசியுங்கள்.

லென்ஸ்_கடை | 9:50
அக்ரிலிக்குக்கு விலகல் எண் 1.49 தான். கோட்டிங் இல்லாமலே சஃபையரை விடக் கண் கூசாது. இதில் நான் எச்எம்டி அண்ணன் பக்கம்.

நீர்புகா_நேசன் | 9:58
ஆழத்துக்குப் போகிறவர்கள் என்ன கட்டுகிறார்கள் என்று பார்த்தால் சஃபையரும் மினரலும்தான். அக்ரிலிக் அழுத்தத்தில் வளையும்.

கோவை_டயல் | 10:05
அதைத் தனி இழையில் பேசுங்கள், தயவுசெய்து. தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி.

திருச்சி தம்பி, மூன்று வழி இருக்கிறது. இப்படியே கட்டலாம், யாரும் அவ்வளவு கிட்டே வந்து பார்க்கப்போவதில்லை. மேல் கோட்டிங்கை முழுசாக எடுத்துவிடலாம்: கேஸை (வாட்சின் உலோக உடலை) சுற்றி டேப் ஒட்டிவிட்டு, 1 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய டைமண்ட் பேஸ்டால் கிளாஸ் முழுக்க ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். டேப் விலகினால் ஸ்டீலின் பிரஷ் ஃபினிஷ் (நுண்கோடுகள் போட்ட மெருகு) போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை. எடுத்த பிறகும் உள் கோட்டிங் இருக்கும், அதனால் பாதிக்கு மேல் பலன் கையில் நிற்காவிட்டாலும் கிட்டத்தட்டப் பாதி நிற்கும். மூன்றாவது, கிளாஸையே மாற்றுவது. அப்படிச் செய்தால் விட்டமும் தடிமனும் அளந்து வாங்கி, புது வாஷர் போட்டு, நீர் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அவசரத்தில் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

என் கருத்து: ஞாயிற்றுக்கிழமைக்குள் எதையும் தொடாதீர்கள். பற்பசையை மறுபடி எடுக்கவே வேண்டாம்.

நானோ_நிலா | 10:12
வழிமொழிகிறேன். மாற்றும்போது உள்பக்கம் மட்டும் கோட்டிங் உள்ள கிளாஸ் கேளுங்கள். தினம் கட்டுகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி. மேல் பக்கம் வெறும் சஃபையர், புழுதியை அது பார்த்துக்கொள்ளும்.

திருச்சி_முள் | செவ்வாய் இரவு 9:26
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அப்படியே கட்டிக்கொண்டேன், யாரும் கவனிக்கவில்லை. இன்று கடையில் கொடுத்துவிட்டேன், உள் கோட்டிங் மட்டும் உள்ள கிளாஸ், அழுத்தச் சோதனையோடு. பத்து நாள் ஆகும் என்றார்.

பழைய_எச்எம்டி | 9:40
நல்லது தம்பி. பழைய கிளாஸைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள். டைமண்ட் பேஸ்ட் பழக அது உதவும்.