ஏ.எல் நாடகமும் அரங்கியலும்: கிரேக்க அரங்கின் சொற்கள் கலக்குது

கொக்குவில்_மாணவி:
வணக்கம். அடுத்த வருசம் ஏ.எல் எடுக்கிறன். கிரேக்க அரங்கின்ர சொற்களை எவ்வளவு பாடமாக்கினாலும் வினாத்தாளில கலக்குது. பரடொஸ் எண்டது ஒரு கொப்பியில வழி, இன்னொண்டில பாட்டு. எது சரி? ஸ்டாசிமொன் எண்டால் கோரஸ், அதாவது ஆடிப் பாடுற குழு, அசையாமல் நிண்டு பாடுறதோ? கோரஸை எங்கட கூத்துப் பிற்பாட்டுக்கு ஒப்பிட்டு எழுதலாமோ? மற்றது, கொலையை மேடையில காட்டக்கூடாது எண்டு சட்டம் இருந்ததோ? சோபோக்கிளிஸின்ர 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தை வைச்சு ஆராவது விளங்கப்படுத்தினால் நல்லம்.

சீவாளி:
பிள்ளை, சொல்லைப் பாடமாக்க முதல் நிலத்தைக் கீறுங்கோ. நடுவில ஒரு வட்டம். அது ஒர்க்கெஸ்ட்ரா, கோரஸ் ஆடுற இடம். எப்பிடோரஸ் எண்ட கிரேக்க ஊரில மிஞ்சிக் கிடக்கிற வட்டம் ஏறத்தாழ 20 மீற்றர் விட்டம். ஆனால் அது கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சோபோக்கிளிஸ் காலத்து ஏதென்ஸ் அரங்கும் வட்டம்தானா எண்டதில ஆய்வாளருக்குள்ள இன்னும் இழுபறி. வட்டத்தைச் சுற்றி மலைச்சரிவில இருக்கைகள்: தியட்ரோன், பார்க்கும் இடம். எதிர்ப்பக்கம் ஸ்கீனே. சொல்லின்ர பழைய பொருள் கூடாரம். உள்ளுக்கு உடை மாத்துற இடம், வெளிமுகப்பு அரண்மனை. இருக்கைகளுக்கும் ஸ்கீனேக்கும் இடையில ரெண்டு பக்கமும் வாற வழி இருக்கே, அதுதான் பரடொஸ். அந்த வழியால வந்துகொண்டே கோரஸ் பாடுற பாட்டுக்கும் அதே பேர். ரெண்டு கொப்பியும் சரி. கூத்தில 'வரவு' எண்டால் பாத்திரம் வாறதையும் சொல்லுறம், அப்ப படிக்கிற பாட்டையும் சொல்லுறம், அது மாதிரி.

இனி ஒழுங்கு. ஈடிப்பஸ் மன்னன் மூலத்தில 1530 செய்யுள் அடி. முதல் 150 அடி முன்னுரை: கொள்ளைநோய், பூசகரின்ர முறையீடு, மன்னனின்ர மைத்துனன் கிரெயோன் கொண்டுவாற தெய்வவாக்கு. 151இல பரடொஸ். 216இல முதல் எபிசோட். பிறகு ஸ்டாசிமொன், எபிசோட், ஸ்டாசிமொன் எண்டு மாறி மாறி நாலு தரம். 1223இல இருந்து கடைசி வரை எக்ஸொடொஸ், முடிவுப் பகுதி. எபிசோட் நடிகரின்ர பேச்சு, ஸ்டாசிமொன் கோரஸின்ர பாட்டு. 'நிலை' எண்ட வேர்ச்சொல்லைப் பாத்துத்தான் 'அசையாமல் நிண்டு' எண்டு எழுதப்படுது. அதன் பொருள், வந்து தன்ர இடத்தைப் பிடிச்ச பிறகு பாடுறது எண்டு மட்டும்தான். ஆட்டம் உண்டு.

ஒரு எரிச்சல்: கோரஸின்ர பாட்டுக்கு ஊதுற ஔலோஸைப் புல்லாங்குழல் எண்டு எழுதாதேங்கோ. அது சீவாளி மாதிரி நாக்கு வைச்ச இரட்டைக் குழல், நாதஸ்வரத்துக்குத்தான் கிட்ட.

மூன்றாம்மணி:
சீவாளி நிலத்தைச் சொல்லியிட்டார், நான் ஆக்களை எண்ணுறன். பேசும் நடிகர் மூண்டு பேர், அதுக்கு மேல இல்லை. ரெண்டாமவரைக் கொண்டுவந்தது நாடகாசிரியர் எஸ்கிலஸ், மூண்டாமவரைச் சோபோக்கிளிஸ் எண்டு அரிஸ்டோட்டில் சொல்லுறார். பெண் பாத்திரமும் ஆண்களே. முகமூடி எதுக்கு எண்டு கேட்டால் 'தூரத்துக்குத் தெரிய' எண்டு மட்டும் எழுதி நிப்பாட்டாதேங்கோ. ஒரே ஆள் மூண்டு நாலு பாத்திரம் தாங்கவேணும், அதுதான் பெரிய காரணம்.

ஈடிப்பஸில பாருங்கோ. மூண்டாம் எபிசோட்டில ஈடிப்பஸ், அவன்ர மனைவி யொகாஸ்ட்டா, கொரிந்துத் தூதன் நிக்கினம். ஈடிப்பஸ் தன்ர மகன்தான் எண்ட உண்மை விளங்கி யொகாஸ்ட்டா உள்ள ஓடுறாள். ஒரு சின்ன ஸ்டாசிமொன். உடன கிழட்டு இடையன் வாறான். ஈடிப்பஸும் தூதனும் அங்கயேதான் நிக்கினம். அப்ப இடையனாக வரக்கூடியது ஆர்? யொகாஸ்ட்டாவாக நடிச்ச ஆள் மட்டும்தான். அந்த 24 அடிப் பாட்டுக்குள்ள முகமூடியும் உடையும் மாறவேணும். பாட்டு கதையை நிறுத்தி யோசிக்க வைக்குது எண்டது உண்மை. உள்ளுக்கு உடை மாத்த நேரம் குடுக்குது எண்டதும் உண்மை.

கோரஸ் முதல் 12 பேர், சோபோக்கிளிஸ் 15 ஆக்கினார். பிற்பாட்டோட ஒப்பிடலாம், 'ஒண்டுதான்' எண்டு எழுதினால்தான் பிழை. பிற்பாட்டுக்காரர் ஆடுறவரின்ர தருவை, அதாவது பாட்டை, திருப்பிப் படிக்கினம். கதைக்குள்ள அவைக்குப் பேர் ஊர் இல்லை. கிரேக்கக் கோரஸ் ஒரு பாத்திரம். இந்த நாடகத்தில தீப்ஸ் நகரத்து முதியோர், மன்னனோட கதைக்கினம், பயப்படுகினம், புத்தி சொல்லுகினம்.

ஒப்பனையறை:
கொலைக் கேள்விக்கு: சட்டம் இல்லை, வழக்கம். சாவையே காட்டேல்லை எண்டும் இல்லை. யூரிப்பிடிஸின்ர நாடகத்தில ஹிப்பொலிட்டஸ் பார்ப்போருக்கு முன்னாலதான் உயிர் விடுறான். வெட்டுறது, குத்துறது, கண்ணைத் தோண்டுறதுதான் உள்ளுக்கு நடக்கும். மெடீயா எண்ட தாய் தன்ர பிள்ளையளை எல்லாருக்கும் முன்னால கொல்லக்கூடாது எண்டு விதி மாதிரி எழுதினது பிற்கால உரோமக் கவிஞர் ஹொரேஸ். அதைக் கிரேக்கத் தலையில கட்டாதேங்கோ.

உள்ளுக்கு நடந்ததை வெளிய கொண்டுவர மூண்டு வழி: உள்ளிருந்து வாற அலறல், தூதனின்ர நீண்ட உரை, எக்கிக்கிளேமா. கடைசியாகச் சொன்னது சில்லு வைச்ச தட்டு. கதவைத் திறந்து பிணத்தோட வெளிய தள்ளுவினம். தெய்வத்தை உயரத்தில காட்டுற தூக்கி மெக்கானே. ரெண்டையும் மாறி எழுதினால் அந்தப் புள்ளி போச்சு. தூதனைக் கட்டியகாரனோட ஒப்பிடுறதும் வேண்டாம். கட்டியகாரன் வரப்போறவரை அறிவிக்கிறவன், தூதன் நடந்து முடிஞ்சதைச் சொல்லுறவன்.

படம் கீறேக்க நடிகருக்கு அடி உயர்ந்த சப்பாத்துப் போடாதேங்கோ. அது பிந்திய காலத்து வழக்கம். 5ஆம் நூற்றாண்டு மட்பாண்ட ஓவியங்களில மெல்லிய அடிதான்.

கொக்குவில்_மாணவி:
மிச்சம் நன்றி. அப்ப செயல், காலம், இடம் எண்ட மூவொருமையை அரிஸ்டோட்டில் சொன்னவர் எண்டது? நாயகனை விழுத்துற ஹமார்ட்டியாவுக்கு 'குணக்கேடு' எண்டு எழுதியிருக்கிறன்.

சீவாளி:
அரிஸ்டோட்டில் வலியுறுத்தினது செயல் ஒருமை மட்டும். காலத்தைப் பற்றி, துன்பியல் கூடியவரை சூரியனின்ர ஒரு சுற்றுக்குள்ள அடங்கப் பாக்குது எண்டு ஒரு வரி. இடத்தைப் பற்றி விதியே இல்லை. மூண்டையும் சேர்த்துச் சட்டமாக்கினவர் இத்தாலியர் கஸ்டெல்வெத்ரோ, 1570இல. எஸ்கிலஸின்ர ஒரெஸ்டெய்யா எண்ட மூண்டு நாடகத் தொடரில (கி.மு. 458) கடைசி நாடகம் டெல்பியில தொடங்கி ஏதென்சுக்குப் போகுது, அந்த ஒரு உதாரணம் காணும்.

குணக்கேட்டை வெட்டிப்போட்டு 'தவறு' எண்டு எழுதுங்கோ. வேர்ப்பொருள் அம்பு குறி தப்புறது. ஈடிப்பஸ் தகப்பன் எண்டு தெரியாமல் கொலை செய்தது தவறு. அவன்ர கோபத்தைத் தனியா எழுதலாம், அதை ஹமார்ட்டியா எண்ட தலைப்புக்குக் கீழ போடாமல்.