மானாவாரி ராகி ரகச் சோதனை: 12 பேர் நிலத்தில் எப்படி நடத்துவது?

கேள்வி: மேட்டுக்காடு_பென்னாகரம்
எங்கள் குழுவில் 12 பேர் வரும் ஆடிப்பட்டத்தில் மானாவாரி ராகி ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்க இருக்கிறோம். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்திலும் பேசி, நாலு ரகம் கேட்கலாம் என்று எண்ணம். ஆளுக்கு எத்தனை ரகம், எவ்வளவு நிலம் சரியாக இருக்கும்? எது நல்ல ரகம் என்று யார் முடிவு செய்வது? ஆராய்ச்சியாளர்களும் ஏற்கிற மாதிரி கணக்கு வேண்டும்.

பதில் 1: வயலாய்வு
நாலு ரகத்தையும் 12 பேரும் விதைக்க வேண்டாங்க. பதரும் குழப்பமும்தான் மிஞ்சும். ஒருவர் நிலத்தில் மட்டும் நாலு ரகமும் ஊர் ரகமும் சேர்த்து, மூன்று தடவை இடம் மாற்றிப் போடுங்கள். அது தாய் வயல். அளவெடுப்பது நிலையத்தாரின் வேலை. மற்ற 11 பேருடையது சேய் வயல். அதில் ஆளுக்கு ரெண்டு புது ரகம், கூடவே அவர் வழக்கமாக விதைப்பது. ஒவ்வொரு புது ரகமும் 5 அல்லது 6 பேர் காட்டில் வந்துவிடும். 1990களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் மலாவியில் மண்வள ஆய்வுக்காக உருவான முறை இது.

ஒரு ரகம் விதைக்கும் துண்டுக்கு 5 சென்ட் போதும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ என்றால் துண்டுக்கு 200 கிராம். பொட்டலத்தில் ரகத்தின் பெயர் வேண்டாம், க, ச, த, ப என்று எழுத்து மட்டும் போடுங்கள். பெயர் தெரிந்தால் கவனிப்பு மாறிவிடும்.

பெரும்பாலும் கெடுவது இடத்தேர்வில்தான். எருக்குழி ஓரத்து நல்ல மண் புது ரகத்துக்குப் போகும், சரளை மண் ஊர் ரகத்துக்கு வரும். அதனால் சீட்டுப் போட்டு இடம் பிரியுங்கள். நிலம் சரிவாக இருந்தால் மூன்று துண்டும் மேலிருந்து கீழ்வரை பக்கம் பக்கமாக ஓட வேண்டும். உழவுச் சால் மட்டும் சரிவுக்குக் குறுக்கே. மேல் துண்டு, கீழ் துண்டு என்று வைத்தால் ஈரம் தங்கும் கீழ்த் துண்டே ஜெயிக்கும். உரம், களையெடுப்பு, ஊடே போடும் மொச்சை, அவரை எல்லாம் அவரவர் வழக்கப்படியே இருக்கட்டும், ஆனால் மூன்று துண்டிலும் ஒரே மாதிரி, ஒரே நாளில்.

விளைச்சலுக்குத் துண்டின் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுங்கள். காயவைத்த தானியத்தின் எடையை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வரும். ராகிக் கதிர் ஒரே சமயத்தில் முற்றாது. ரெண்டாம் அறுவடையின் எடையைக் கூட்ட மறந்தால் அந்த ரகம் தோற்றதாகத் தெரியும். தட்டையையும் (காய்ந்த தாளையும்) எடை போடுங்கள். மாடு வைத்திருப்பவருக்கு அது பாதி விளைச்சல்.

பதில் 2: களிக்கல்லு
எது நல்லது என்பதைக் கதிர் முற்றும்போது ஒருமுறை, அடித்துப் பொங்கிய பிறகு ஒருமுறை கேட்க வேண்டும். ரகங்களைக் காட்டும் முன்பே "ராகியில் என்ன பார்ப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். நிலையத்துப் படிவம் பிறகு.

வாக்குக்கு ஆளுக்கு மூன்று விதை. பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு ஆமணக்கு. துண்டுக்கு முன் வைத்த சட்டியில் ஒவ்வொருவராகப் போட வேண்டும், கூட்டமாகப் போனால் முதல் ஆள் போட்ட சட்டியே நிறையும். எண்ணும்போது ரெண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஆண்கள் குலைநோய் (பூஞ்சை நோய்), பயிரின் வயது, தட்டையைப் பார்ப்பார்கள். கதிர் எளிதில் உதிர்கிறதா, மாவு எவ்வளவு தண்ணீர் கேட்கிறது, களி மறுநாளும் மெத்தென்று இருக்கிறதா என்பது பெண்களின் வாக்கில்தான் தெரியும்.

பதில் 3: விதைப்பானை
வியாபாரி ஒருவரையும் மாவு அரைத்து விற்கும் மகளிர் குழுவையும் தானியம் பார்க்கக் கூப்பிடுங்கள். விளைந்த பிறகு "நிறம் போதாது" என்று விலையைக் குறைப்பதை முன்பே அறியலாம்.

இன்னொன்று. ஊர் ரகத்தை நிலையத்துக்குக் கொடுக்கும்போது யாருடைய விதை, எந்த ஊர் என்று எழுதி, கையெழுத்துடன் நகல் வாங்குங்கள். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி உழவர் ரகத்தையும் பதிவு செய்யலாம்.

மேட்டுக்காடு_பென்னாகரம்
நன்றிங்க. நடுவில் மழை நின்று ஒருவர் காடு காய்ந்தால் அவரைக் கணக்கில் விட்டுவிடலாமா?

வயலாய்வு
விடவே கூடாது. எந்தத் துண்டு முதலில் வாடியது, மழை வந்ததும் எது தேறியது என்று தேதியோடு எழுதுங்கள். காய்ந்த காட்டை நீக்கிவிட்டுச் சராசரி எடுத்தால், மழை நன்றாகப் பெய்தால் மட்டும் விளையும் ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். பூஜ்யம் வந்தாலும் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பன்றியும் மயிலும் தின்றது மட்டும் வேறு கணக்கு. அதைத் தனியாகக் குறியுங்கள்.