மறு: ‘நகர வளர்ச்சி எல்லை’ என்ற சொல் பொருந்துமா?

மடல் 1

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நகரமைப்புச் சொற்பட்டியலில் ‘அர்பன் குரோத் பவுண்டரி’ இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. நகரைச் சுற்றிச் சட்டப்படி ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு உள்ளே வீடு, ஆலை, கடைத்தெரு, குடிநீர், கழிவுநீர்க் குழாய். வெளியே வயலும் காடும். இதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: நகர வளர்ச்சி எல்லை, நகர வரம்பு, நகரத் தடுப்புக் கோடு.

எனக்கு முதலாவதே போதும் என்று படுகிறது. பார்த்தவுடன் புரிகிறது. வேறு சொல் தருபவர்கள் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்பதையும் யாராவது விளக்கினால் விளக்கக் குறிப்புக்கு உதவும்.

மடல் 2

ஐயா, வணக்கம்.

‘வளர்ச்சி’யை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டு அரசு வழக்கில் அந்தச் சொல் ஏற்கெனவே ‘டெவலப்மெண்ட்’டுக்குப் போய்விட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், ஊரக வளர்ச்சித் துறை என்று எல்லாவற்றிலும் அதுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தக் கோடு வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதே இல்லை. உள்ளே மக்கள்தொகை கூடலாம், மாடி உயரலாம், வேலைவாய்ப்பு பெருகலாம். நகரம் நிலத்தின் மேல் படரும் பரப்பு மட்டும்தான் கட்டுப்படுகிறது. பிறந்த வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகும்.

அமெரிக்காவில் முதன்முதலில் இப்படிக் கோடு போட்ட ஊர் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன், ஆண்டு 1958. அவர்கள் வைத்த பெயர் ‘நகரச் சேவைப் பகுதி’. கழிவுநீர்க் குழாயையும் மற்ற வசதிகளையும் எதுவரை கொண்டுபோகக் கட்டுப்படியாகும் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கழிவுநீர் சரிவோடு தானாக ஓடும்வரை செலவு குறைவு. மேட்டைத் தாண்டினால் பம்பு நிலையம் வேண்டும், அதற்கு ஆளும் மின்சாரமும் என்றென்றைக்கும் வேண்டும். கோட்டுக்கு வெளியே இருந்த பந்தயக் குதிரைப் பண்ணைகளும் இதனால் தப்பின. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. வெளியே மனை 10 ஏக்கருக்குக் குறையக் கூடாது என்று விதித்திருந்தார்கள். வசதியுள்ளவர்கள் 10 ஏக்கர் வாங்கி நடுவில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பயிரிடுவதற்கு அது சிறியது, வீட்டுக்கோ மிகப் பெரியது. நிலம் துண்டு துண்டாக வீணானது. பிறகுதான் அந்த அளவை 40 ஏக்கராக உயர்த்தினார்கள். கோடு மட்டும் போட்டால் போதாது, வெளியே என்ன விதி என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஓர் ஊரின் ஏற்பாடாக இருந்ததை மாநிலச் சட்டமாக்கியது ஒரிகன். 1973இல் ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் செனட் மசோதா 100 நிறைவேறியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஹெக்டர் மெக்பர்சன் ஒரு பால் பண்ணையாளர். வில்லாமெட் பள்ளத்தாக்கின் வளமான விளைநிலத்தை மனைகள் தின்னக் கூடாது என்பதே அன்றைய கவலை. மாநிலத்தின் ஒவ்வொரு நகரும் தன்னைச் சுற்றிக் கோடு வரைந்தாக வேண்டும் என்றானது. அந்த மாநிலத்தின் பெருநகரான போர்ட்லண்டின் வட்டாரத்துக்கான கோட்டை 1977இல் வரைந்தார்கள், மாநில ஆணையம் 1980இல் ஏற்றது.

போர்ட்லண்ட் வட்டாரத்தில் இன்றைய நடைமுறை இது. அடுத்த 20 ஆண்டுக்கு எத்தனை குடும்பம், எத்தனை வேலை வரும் என்று கணிப்பார்கள். கோட்டுக்குள் கட்டத் தகுந்த நிலம் எவ்வளவு மீதி என்று எண்ணுவார்கள். செங்குத்துச் சரிவு, வெள்ளம் பாயும் தாழ்நிலம், ஓடைக்கரை எல்லாம் கழிந்துவிடும். பற்றாக்குறை வந்தால் உடனே கோட்டை நகர்த்திவிட முடியாது. உள்ளேயே நெருக்கிக் கட்ட விதியைத் தளர்த்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்போதும் போதாவிட்டால்தான் வெளியே போவார்கள். அங்கும் வரிசை உண்டு. முன்பே குறித்துவைத்த நிலம் முதலில், நல்ல விளைநிலம் கடைசியில். இந்தக் கணக்கை 6 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போடுகிறார்கள்.

ஆகவே ‘தடுப்பு’ம் பொருந்தாது. இது நகரும் கோடு. ‘நகர வரம்பு’, ‘நகர எல்லை’ இரண்டும் மாநகராட்சி எல்லையோடு குழம்பும். போர்ட்லண்ட் வட்டாரத்தின் ஒரே கோட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் இருக்கின்றன. திட்டப் பகுதியும் வேறு: சென்னைப் பெருநகரப் பகுதியை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அது வளர்ச்சிக் குழுமத்தின் அதிகாரம் செல்லும் பரப்பு. அதற்குள் ஏரியும் வயலும் நிறைய உண்டு.

மடல் 3

வணக்கம்.

இலங்கையில் நாங்கள் ‘டெவலப்மெண்ட்’டை அபிவிருத்தி என்கிறோம், நகர அபிவிருத்தி அதிகார சபை என்பதுபோல. அதனால் ‘வளர்ச்சி’ எங்களுக்கு இடிக்காது. ஆனாலும் கட்டுப்படுவது பரப்புத்தான் என்ற விளக்கத்தை ஏற்கிறேன். அப்படியெனில் ‘நகர விரிவு வரம்பு’ என்று வைக்கலாமே? எங்கள் பக்கம் வயலில் மண் அணைத்துக் கட்டுவதை வரம்பு என்றுதான் சொல்வோம். தமிழகத்தில் வரப்பு என்பது அதுதான். உள்ளே நீரைத் தேக்கி வைக்கும், தேவை வந்தால் வெட்டித் தள்ளிக் கட்டலாம். இரண்டாம் மடலில் அம்மா எழுதிய 6 ஆண்டுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது.

மடல் 4

வயல் வரம்பு மனத்தில் நன்றாக ஒட்டுகிறது. ஆனால் நிலச் சட்டத் தமிழில் ‘வரம்பு’ என்றால் அளவு. நில உச்சவரம்பு என்றால் ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது. தமிழ்நாட்டில் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1978இல் வந்து 1999இல் நீக்கப்பட்டது. ஆனால் அதில் சிக்கிய மனைகளின் பத்திரங்களில் அந்தச் சொல் இன்றும் வாழ்கிறது. பக்கத்திலேயே ‘நகர விரிவு வரம்பு’ வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

‘விரிவு’ இருக்கட்டும், பின்பாதியை எல்லை ஆக்கலாம்: நகர விரிவெல்லை. வரவு + அறிந்தான் = வரவறிந்தான் என்பதுபோலப் புணர்ச்சியும் இயல்பாகவே அமைகிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்.

“ஒரிகனில் விரிவெல்லைக்கு வெளியே வேளாண் மண்டலத்தில் புதிய மனை 80 ஏக்கருக்குக் குறையக் கூடாது.” நன்றாக ஓடுகிறது.

“போர்ட்லண்டை அடுத்த டமாஸ்கஸ் ஊர்ப்பகுதி 2002இல் விரிவெல்லைக்குள் சேர்க்கப்பட்டது.” இதுவும்.

“விரிவெல்லை விரிவாக்கம்.” இங்கே இடறுகிறது. ‘விரிவெல்லையைத் தள்ளுதல்’, பெயராக ‘எல்லைத் தள்ளல்’ என்று வைத்தால் சரியாகிவிடும். வரப்பைத் தள்ளிக் கட்டுவது என்ற வயல் பேச்சும் அதில் தங்கிவிடுகிறது.

டமாஸ்கஸ் கதையை விளக்கத்தில் சேர்க்க வேண்டும். எல்லைக்குள் வந்தவுடன் நிலம் நகரமாகிவிடாது. அந்த ஊர் 2004இல் நகராட்சி ஆனது. ஆனால் திட்டத்தில் ஒத்துப்போக முடியவில்லை, குழாய்க்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதும் தீரவில்லை. 2016இல் மக்கள் வாக்களித்து நகராட்சியையே கலைத்தார்கள். எல்லை, குழாய், பணம் மூன்றும் ஒன்றாக நகர வேண்டும். மறுபக்கக் கோளாறையும் குறியுங்கள்: கொலம்பியா ஆற்றுக்கு அக்கரை வாஷிங்டன் மாநிலம், ஒரிகன் சட்டம் அங்கே செல்லாது. இக்கரையில் இடம் கிடைக்காத வீடுகளில் ஒரு பகுதி அக்கரைக்குப் போயிற்று.

மடல் 5

எல்லோருக்கும் நன்றி. ‘நகர விரிவெல்லை’ என்றே பதிகிறேன். விளக்கம்: குறித்த காலத்துக்குத் தேவையான நகர நிலத்தை உள்ளடக்கிச் சட்டப்படி வரைந்து, கால இடைவெளியில் மறுகணக்கிட்டு மாற்றக்கூடிய கோடு. லண்டன் பாணி ‘பசுமை வளையம்’ தனிப் பதிவாகிறது. 1938 சட்டத்திலும் 1955 சுற்றறிக்கையிலும் உருப்பெற்ற அது அகலமுள்ள ஒரு நிலப்பட்டை. நம்முடையது அகலமில்லாத கோடு.

இதையொட்டி இன்னொன்று தீர வேண்டும். போர்ட்லண்டில் எல்லைக்கு வெளியே அடுத்த 50 ஆண்டை எண்ணி நிலத்தை இரண்டாகக் குறித்திருக்கிறார்கள்: அர்பன் ரிசர்வ், ரூரல் ரிசர்வ். முதலாவது பின்னாளில் கட்டுவதற்கு வைத்த நிலம். இரண்டாவது நகரம் படர விடாமல் காக்கும் நிலம். ஆங்கிலத்தில் ஒரே சொல், பொருளோ நேரெதிர். காப்புக்காடு என்ற பழக்கத்தில் இரண்டையும் ‘காப்பு நிலம்’ என்றால் முதலாவது தலைகீழாகிவிடும். ‘நகர இருப்பு நிலம்’, ‘ஊரகக் காப்பு நிலம்’ என்று பிரிக்கலாமா? ‘இருப்பு’ கிடங்குச் சரக்கைப் போல ஒலிக்கிறதே என்பவர்கள் வேறு சொல் தரவும்.